பிள்ளைக்கு எந்தக் கால்பந்து கிளப்? கோப்பை அலமாரியை விட்டுவிட்டு கோச்சைப் பாருங்கள்

பத்து வயதுப் பிள்ளையைக் கால்பந்து கிளப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிளப் நிறைய ஜெயிக்கிறது?" என்பதுதான். பதில் எளிதில் கிடைத்துவிடும். அலுவலக அறையில் இருக்கும் கோப்பைகளை எண்ணினால் போதும். ஆனால் அந்த வயதில் ஜெயிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. வயதுக்கு மீறி வளர்ந்த இரண்டு பையன்களைப் பிடித்து, ஒருவனைப் பின்னாலும் ஒருவனை முன்னாலும் நிறுத்த வேண்டும். பின்னால் நிற்பவன் ஓங்கி உதைப்பான், முன்னால் நிற்பவன் எல்லோரையும் முந்தி ஓடி கோல் அடிப்பான். நடுவில் நிற்பவர்கள் பந்து தலைக்கு மேலே பறந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோப்பை வந்துவிடும். பந்தை வேடிக்கை பார்த்தவர்களில் உங்கள் பிள்ளையும் ஒருவனாக இருந்தால் அந்தப் பருவத்தில் அவன் என்ன கற்றுக்கொண்டான்?

பிறந்த மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. பல நாடுகளில் வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள், நடுவில் ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். 1980-களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை அலசியவர்கள், தேர்வானவர்களில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதைக் கவனித்தார்கள். அப்புறம் கால்பந்திலும் பல நாடுகளில் அதே சாய்வு தெரிந்தது. ஆகவே "நாங்கள் திறமையை மட்டும்தான் பார்ப்போம்" என்று பெருமையாகச் சொல்லும் கிளப், தனக்கே தெரியாமல் சில மாதம் மூத்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கலாம். இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப்களின் இளையோர் அகாடமிகள்கூட இதைச் சரிக்கட்ட, சில போட்டிகளில் வயதைப் பார்க்காமல் உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. டிசம்பர் பிள்ளையின் பெற்றோர் டிரயலுக்கு (ஆள் எடுக்க நடத்தும் தேர்வு ஆட்டத்துக்கு) போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் பெயர் வராவிட்டால் அது பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, எதிரே இருக்கும் வாய்ப்புகளைப் பார்ப்போம். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் வகை மூன்றுதான்: டிரயல் வைத்து ஆள் எடுக்கும் போட்டிக் கிளப், பிரபலமான பெயரைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட அகாடமி, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் பக்கத்து மைதானக் கிளப். பள்ளி அணியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இருந்தால் நல்லது, ஆடட்டும். ஆனால் பெரும்பாலும் ஒரு போட்டிக்கு முன்னால் கூடி, போட்டி முடிந்ததும் கலைந்துவிடும் அணியை நம்பி ஒரு வருடத் திட்டம் போட முடியாது.

போட்டிக் கிளப்பின் பலம் உண்மையானது. கூட ஆடும் பிள்ளைகள் நன்றாக ஆடுவார்கள், எதிரணியும் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது, லைசென்ஸ் வாங்கிய கோச் இருப்பார், பயிற்சி நாட்களும் அதிகம். வேகமாக ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இதெல்லாம் தேவை. பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மறுபடி தேர்வு, மறுபடி கழித்தல். எட்டு வயதில் கழித்துவிடப்பட்ட பிள்ளை "எனக்கு ஆட வராது" என்று முடிவு கட்டிவிடுவது சாதாரணம். பின்னாளில் இங்கிலாந்து அணியின் கேப்டனான ஹாரி கேனை ஆர்சனல் அகாடமி சின்ன வயதிலேயே வெளியே அனுப்பியது. பின்னாளில் பிரான்ஸ் அணியின் நட்சத்திரமான அன்டுவான் கிரீஸ்மனை உடம்பு சிறியது என்று பல பிரெஞ்சு கிளப்கள் வேண்டாம் என்றன, கடைசியில் ஸ்பெயினின் ரியல் சோசியதாத்தான் எடுத்துக்கொண்டது. இந்தக் கதைகளைப் பெற்றோர் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது: அந்த அகாடமிகளில் தேர்வு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கே சின்ன வயதில் கணிக்க முடியவில்லை. உங்கள் வட்டாரக் கிளப்பின் செலக்டருக்கு அது முடியும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

போட்டிக் கிளப்பில் இன்னொரு நுணுக்கம். பெற்றோரை அழைத்துப் பேசுவதும், சுற்றிக் காட்டுவதும், படத்தில் கோப்பையுடன் நிற்பதும் ஏ அணியின் கோச்தான். உங்கள் பிள்ளை பி அணியிலோ சி அணியிலோ சேர்ந்தால் வேறொருவரிடம் போவான். அவர் போன மாதம் சேர்ந்த கல்லூரிப் பையனாக இருக்கலாம். அதில் தவறில்லை, சில சமயம் அவர்தான் அருமையான கோச்சாகவும் இருப்பார். ஆனால் "என் பிள்ளையை நேரடியாகப் பயிற்றுவிக்கப் போவது யார், அடுத்த வருடமும் அவர் இருப்பாரா?" என்று பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது. பெரிய கிளப்பின் சி அணியா, சின்னக் கிளப்பின் முதல் அணியா என்ற தேர்வு வந்தால், நான் சின்னக் கிளப்பின் பக்கம்தான் சாய்வேன். அங்கே பிள்ளை ஆட்டம் முழுக்க மைதானத்தில் இருப்பான், பந்து அவனைத் தேடி வரும், முடிவெடுக்க வேண்டிய நிலை வரும். சி அணிக்குத் தனியாக நல்ல கோச் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்தால் மட்டும் மனம் மாறுவேன்.

பிரபலப் பெயர் அகாடமி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். சட்டையில் இருக்கும் சின்னம் ஓர் ஐரோப்பியக் கிளப்புடையதாக இருக்கலாம். பெரும்பாலும் அது பெயரையும் பாடத்திட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தம், அவ்வளவே. தினமும் மைதானத்தில் நிற்பவர் உள்ளூரில் வேலைக்கு எடுத்த கோச். அந்தப் பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் கட்டணம் கோச்சின் தரமாகத் திரும்பி வருகிறதா, இல்லை விளம்பரத்திலும் சட்டையிலும் கரைகிறதா என்று பாருங்கள். நல்ல அகாடமிகளும் இருக்கின்றன. எழுதி வைத்த பாடத்திட்டம், கோச்சுகளுக்கே நடக்கும் பயிற்சி, ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்குத் தொடர்ச்சி என்று அவற்றில் மற்ற இடங்களில் கிடைக்காதது கிடைக்கும்.

"பையனை 13 வயதில் ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்வதை ஃபிஃபா விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால், எல்லைக்கு மிக அருகில் வசித்தால் என்று சில விலக்குகள்தான் உண்டு. இந்த விதியைச் சொல்லாமல் வெளிநாட்டு டிரயலுக்குப் பணம் வாங்குபவர் ஒன்று விதி தெரியாதவர், அல்லது தெரிந்தும் மறைப்பவர்.

பக்கத்து மைதானக் கிளப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. நடந்தே போகலாம், நண்பர்கள் இருப்பார்கள், எல்லோருக்கும் ஆட இடம் கிடைக்கும், கட்டணமும் தாங்கும். குறை என்னவென்றால் கோச் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். முறையான திட்டம் இருக்காது, தன் பிள்ளை அந்தப் பிரிவைத் தாண்டியதும் அவரும் போய்விடுவார். அவருடைய பிள்ளை மட்டும் எந்த ஆட்டத்திலும் கோல்கீப்பராக நிற்பதில்லை என்பதையும் எல்லாப் பெற்றோரும் கவனிப்பார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனாலும் பந்தை நேசிக்கவும் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கவும் தெரிந்த ஒருவர் அங்கே இருந்துவிட்டால், ஒன்பது வயது வரை அதைவிட நல்ல இடம் எதுவும் இல்லை.

ஆக, மூன்று வகையிலும் விஷயம் சுற்றிச் சுற்றி கோச்சிடம்தான் வந்து நிற்கிறது. கோச்சை எடைபோட மேட்சுக்குப் போகாதீர்கள், பயிற்சிக்குப் போங்கள். மேட்சில் எல்லோரும் பெற்றோருக்காக நடிப்பார்கள். வார நடுவில் ஒரு சாதாரண மாலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் முழுப் பயிற்சியையும் பாருங்கள். பார்க்கவே அனுமதிக்காத கிளப் என்றால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதலில் வரிசையைப் பாருங்கள். ஒரு பிள்ளை கூம்புகளுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போக, மீதிப் பேர் வரிசையில் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலேயே போகிறது என்று பொருள். ரொம்ப நன்றாகவும் ஆடாத, ரொம்ப மோசமாகவும் ஆடாத ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிடம் அவனை மட்டும் பாருங்கள்; பந்து எத்தனை முறை காலில் பட்டது என்று எண்ணுங்கள். நல்ல கோச்சிடம் அந்த எண்ணிக்கை சீக்கிரம் கைமீறிப் போகும்.

சிறிய அணிகளாகப் பிரித்து ஆடவிடுவதன் நோக்கமே இதுதான். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து குழந்தைகள் பிரிவுகளில் சிறு அணி ஆட்டங்களைக் கட்டாயமாக்கியது. மிகச் சிறியவர்கள் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று நான்கு சின்ன கோல்கள் வைத்து ஆடுகிறார்கள். ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளர் பல வருடங்களுக்கு முன்பே 'ஃபுனினோ' என்ற பெயரில் பரப்பிய முறை இது. அமெரிக்காவில் 2017 முதல் 8 வயதுக்குட்பட்டவர்கள் அணிக்கு நான்கு பேர், 10 வயது வரை ஏழு பேர், 12 வயது வரை ஒன்பது பேர் என்று ஆட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளைப் பதினோரு பேர் கொண்ட அணியாகப் பெரிய மைதானத்தில், பெரியவர்களுக்கான 5-ஆம் எண் பந்தோடு ஓடவிடும் கிளப் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அந்த வயதுக்கு 3 அல்லது 4-ஆம் எண் பந்துதான் சரி.

அடுத்து கோச்சின் வாய். பந்து வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "பாஸ் பண்ணு! அடி! திரும்பு! இந்தப் பக்கம்!" என்று வினாடிக்கு வினாடி கத்துபவர் பலருக்குச் சுறுசுறுப்பானவராகத் தெரிவார். அவர் ரிமோட்டில் டிவி சேனலை மாற்றுவது போலப் பிள்ளையை ஆட்டிவைக்கிறார். பிள்ளை தானாக நிமிர்ந்து பார்த்து முடிவெடுக்கக் கற்றுக்கொள்வதே இல்லை. நல்ல கோச் ஆட்டம் நடக்கும்போது குறைவாகவே பேசுவார். நிறுத்தி, "உனக்கு வேறு யார் தெரிந்தார்கள்?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஆடவிடுவார். பாராட்டையும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் "சூப்பர், சூப்பர்" என்பவரைவிட, "பந்து வருவதற்கு முன்னாலேயே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாயே, அது நன்றாக இருந்தது" என்று சொல்பவர் ஆயிரம் மடங்கு மேல்.

நான் மிகவும் நம்பும் சோதனை இன்னொன்று. ஒரு பிள்ளை பந்தை இழந்த அடுத்த நொடி எங்கே பார்க்கிறான்? பந்தைப் பார்த்தபடி அதைத் திரும்பப் பிடுங்க ஓடினால் அந்த அணியில் தப்பு செய்ய இடம் இருக்கிறது. சட்டென்று கோச்சின் முகத்தைப் பார்த்தால் பயம் இருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் திரும்பத் திரும்ப அப்படிப் பார்க்கிறார்கள் என்றால், கோச் உங்கள் முன்னால் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நம்ப வேண்டாம்.

அப்புறம் அணியிலேயே பலவீனமான பிள்ளை. அது யார் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கோச் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அவனுக்கும் குறிப்பாக எதையாவது திருத்திச் சொல்கிறாரா, அல்லது அவனை ஓரமாக விட்டுவிட்டு நன்றாக ஆடும் மூன்று பேரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாரா? நன்றாக ஆடுபவனுக்குச் சொல்லிக்கொடுப்பது யாருக்கும் சுலபம். மேட்ச் ஒன்றுக்குப் போக நேர்ந்தால், சமநிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். "எங்களிடம் எல்லோருக்கும் சம நேரம்" என்ற வாக்குறுதி நிஜமா இல்லையா என்பது அப்போது பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் தெரியும். நார்வேயில் குழந்தைகள் விளையாட்டு விதிகளின்படி 11 வயதுக்கு முன்னால் புள்ளிப்பட்டியலே கிடையாது. தோற்கவும் கற்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பட்டியல் இல்லாவிட்டாலும் யார் ஜெயித்தார்கள் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பட்டியல் இல்லாததால் கொஞ்சம் அடங்குவது கோச்சும் பெற்றோரும்தான்.

லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசியாவில் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) வகுத்த படிநிலைகள் உண்டு; ஐரோப்பாவிலும் இதே மாதிரிதான். லைசென்ஸ் இருந்தால் அவர் ஒரு படிப்பை முடித்திருக்கிறார் என்று தெரியும், பிள்ளைகளோடு அவருக்கு எப்படி ஒத்துப்போகும் என்பது தெரியாது. பத்து வயதுக் குழுவுக்கு ஏ லைசென்ஸ் வேண்டியதில்லை. அதேபோல "முன்னாள் மாநில வீரர்", "முன்னாள் தேசிய வீரர்" என்ற அடைமொழிக்கும் மயங்க வேண்டாம். இயல்பாகவே ஆட வந்தவருக்கு, ஏன் இந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்பது பல நேரம் புரிவதில்லை.

உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளில் மட்டும் சமரசம் வேண்டாம். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது பழைய பழக்கம், பயனும் இல்லை. வார்ம்-அப்பில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஃபிஃபாவின் '11+' பயிற்சித் தொகுப்பு ஏறத்தாழ இருபது நிமிடம்தான். அதன் குழந்தைகள் வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது பற்றிக் கேளுங்கள். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 10 வயது வரை ஹெட்டிங் வேண்டாம் என்று 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2020-இல் சிறு பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை விலக்கின. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அன்று அந்தப் பிள்ளை திரும்ப இறங்கக் கூடாது. "தண்ணி தெளிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லும் கோச்சிடம் பிள்ளையை விட முடியாது.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலி என்று பிள்ளை சொன்னால் கோச் என்ன செய்வார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒழுங்கமைத்த பயிற்சி என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் வேண்டாம். கிளப், பள்ளி, தனிப் பயிற்சி மூன்றையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு. தனிப் பயிற்சி என்றதும் ஒன்று: அணியின் கோச்சே தன் அணிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கித் தனிப் பயிற்சி கொடுத்தால், யாரை மேட்சில் இறக்குவது என்ற முடிவில் அந்தப் பணம் நுழையாமல் இருக்காது.

பாதுகாப்பு பற்றிக் கேட்கப் பல பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கோச்சுகளின் பின்னணியைச் சரிபார்த்தார்களா? வெளியூர்ப் பயணத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்பார்களா? பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதும், தனியாக வண்டியில் ஏற்றிச் செல்வதும் தடையா? புகார் என்றால் யாரிடம் போவது? நல்ல கிளப் இதற்கு எழுத்தில் பதில் வைத்திருக்கும், கேட்டதற்குச் சந்தோஷப்படும். "நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி" என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் இல்லை. பெண் பிள்ளை என்றால் உடை மாற்றும் இடமும் கழிப்பறையும் எப்படி என்று நேரில் பாருங்கள். அணியைச் சுற்றி ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருக்கிறாரா என்றும்.

இவ்வளவும் பார்த்த பிறகு தூரம் என்ற கேள்வி மிஞ்சும். பக்கத்தில் சுமாரான கோச், தொலைவில் அருமையான கோச். ஒன்பது வயதுக்குக் கீழே நான் பக்கத்தையே எடுப்பேன், கோச் கத்துபவராக இல்லாத வரை. பயணத்தில் போகும் நேரத்தில் பிள்ளை தெருவில் பந்து உதைத்தால் அதுவே பெரிய பயிற்சி. பத்து முதல் பன்னிரண்டு வரையில் கோச்சுக்காகக் கொஞ்சம் பயணம் செய்யலாம். பந்தைக் கட்டுப்படுத்தும் நுட்பம் ஊறும் வயது அது. பதின்மூன்றுக்கு மேல், பிள்ளையே இன்னும் கடினமான ஆட்டம் வேண்டும் என்று கேட்டால், அப்போது போட்டிக் கிளப்பின் டிரயலுக்குப் போகட்டும். அதற்கு முன் போகாததால் எதையும் இழந்துவிடுவதில்லை.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்ற விவரம் (சட்டை, தொடர் நுழைவு, பயணம், நடுவர் செலவு என்று பின்னால் ஒவ்வொன்றாக வரும்), வேறு கிளப்புக்கு மாற நினைத்தால் விடுவிப்புக் கடிதம் எப்படித் தருவார்கள் என்ற விதி. இரண்டாவதை வாய்மொழியாகச் சொல்லித் தட்டிக்கழித்தால் ஒரு நாள் சிக்கல் வரும்.

ஒரு சோதனை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது "ஜெயித்தாயா?" என்று கேட்காமல், புதிதாக என்ன செய்து பார்த்தான், யாரோடு ஆடினான் என்று கேளுங்கள். இரண்டு கிளப்பும் எல்லா விதத்திலும் ஒன்றாகவே தெரிந்தால், பிள்ளையின் நண்பன் எதில் சேர்கிறானோ அதிலேயே சேர்த்துவிடுங்கள்.